ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மற்றதையெல்லாம் இருட்டாக்க வேண்டும்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் குடும்பத்திலிருந்து வந்து கோவையில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது இது: “ஒற்றை மூலக்கூறை ஒளிரவைத்துப் பார்க்கிறோம் என்கிறார்களே, நிஜமாகவே ஒன்றுதானா? குடுவையில் கோடிக்கணக்கில் போட்டு அளந்தால் தெரியாதது இதில் என்ன தெரிகிறது? இதற்கு எதற்கு முடி அகலத்தில் கால்வாய் வெட்டிய சில்லு? நம்ம ஊரிலிருந்து இதையெல்லாம் தொட முடியுமா?”

நான் திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் பையன். படிப்பு முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த வேலையில்தான் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள் அம்மிணி.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தறிக்குடோனில் 24 தறி ஓடுகிறது என்று வையுங்கள். வெளியே ரோட்டில் நின்றால் ஒரே இரைச்சல்தான் கேட்கும். பொழுது சாய்ந்ததும் நெய்த துணியை மீட்டர் போட்டு, தறிக்கும் மணிக்கும் வகுத்தால் ஒரு சராசரி வரும். அந்தச் சராசரி வேகத்தில் ஓடும் தறி உள்ளே ஒன்றுகூட இருக்காது. ஓடுகிற தறி முழு வேகத்தில் ஓடும். பாவு அறுந்தாலோ ஊடைநூல் தார் தீர்ந்தாலோ அப்படியே நின்றுவிடும். எது எத்தனை தடவை நின்றது, நின்றால் எவ்வளவு நேரம் நின்றது, மூலையில் இருக்கும் ஒரு தறி மட்டும் காலையிலிருந்து மக்கர் செய்கிறதா என்பதெல்லாம் அந்த மீட்டர் கணக்கில் வராது. அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொரு தறியாகப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார்.

நொதியும் புரதமும் டி.என்.ஏ.வும் அப்படித்தான். குடுவையில் அளக்கும்போது நாம் ரோட்டில் நிற்கிறோம். இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் குடோனில் எல்லாத் தறியும் ஒன்றாகக் கிளம்பும். முதல் சில நொடி நாடா அடிக்கும் சத்தம் ஒரே தாளத்தில் கேட்கும், பிறகு தாளம் கலைந்து பழைய இரைச்சலாகிவிடும். இரண்டு கரைசலைச் சட்டென்று கலந்து, எல்லா மூலக்கூறையும் ஒரே நொடியில் கிளப்பிவிட்டு அளக்கும் பழைய முறைகள் அந்த முதல் சில நொடியைத்தான் பிடித்தன. ஏராளமாகக் கற்றுக்கொடுத்த முறைகள்தான். ஆனால் தாளம் கலைந்த பிறகு நடப்பது அவற்றுக்குத் தெரியாது. உயிரணுவுக்குள்ளே தாளம் எப்போதும் கலைந்தேதான் இருக்கிறது.

ஒரு நிஜ உதாரணம். 1998இல் சன்னி ஷீ குழுவினர் கொலஸ்டிரால் ஆக்சிடேஸ் என்ற நொதியை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அதன் வேலைக்கூடத்தில் இருக்கும் எஃப்.ஏ.டி. என்ற துணைப்பொருள் ஆக்சிஜனேற்ற நிலையில் ஒளிரும், எலக்ட்ரான் வாங்கியதும் அணைந்துவிடும். ஒரு தடவை அணைந்து எரிந்தால் ஒரு கொலஸ்டிரால் மூலக்கூறு மாறிவிட்டது என்று அர்த்தம். அவர்கள் கண்டது என்னவென்றால், ஒரே நொதி எல்லா நேரத்திலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. கொஞ்ச நேரம் சுறுசுறுப்பு, கொஞ்ச நேரம் மந்தம். போன சுற்று நீண்டிருந்தால் அடுத்த சுற்றும் நீள வாய்ப்பு அதிகம். பாடப்புத்தகத்தில் ஒரு நொதிக்கு ஒரே ஒரு வேக எண் போட்டிருப்பார்களே, அதற்குள் இவ்வளவு அசைவு இருந்திருக்கிறது.

இனி, எப்படிப் பார்க்கிறோம் என்பது. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஈரோட்டு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டுத் தெளியவிடுங்கள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதாவிளக்கு டார்ச்சை, கண்ணில் படாமல், இருட்டில் அதன்மேல் அடியுங்கள். பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். குர்குமின் ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மிச்சத்தைப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருகிறது. வாங்கிய நிறம் வேறு, தந்த நிறம் வேறு. நமது முழுப் பிழைப்பும் இந்த வித்தியாசத்தில்தான் நடக்கிறது: வாங்கிய நிறத்தை வடிகட்டி நிறுத்திவிட்டு, தந்த நிறத்தை மட்டும் கேமராவுக்கு விடலாம். அதே மஞ்சளை வெறும் தண்ணீரில் கலக்கினால் ஒளிர்வு மிகவும் மங்கல். சுற்றியிருப்பது மாறினால் ஒளிர்வும் மாறும் என்பதும் அந்தக் கிண்ணத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் உலர்த்தினால் கறை மங்கிவிடும். ஒளியை வாங்கி வாங்கியே அந்த மூலக்கூறு சிதைந்துபோகிறது. ஒளிரும் சாயம் எல்லாவற்றுக்கும் இந்த விதிதான். நாங்கள் பயன்படுத்தும் சை3, சை5 போன்ற நல்ல சாயங்களும் லட்சக்கணக்கில் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, தந்துவிட்டு ஒரு கணத்தில் நிரந்தரமாக அணையும். அதில் ஒரு சிறு பங்குதான் கேமராவுக்கு வந்து சேரும்.

அந்தச் சிறு பங்கு போதுமா? போதும். ஒற்றைச் சாயமூலக்கூறிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபோட்டான்களை எண்ண முடியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம், ஒரு மைக்ரான் அகலம், ஒரு மைக்ரான் உயரம் உள்ள பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு ஃபெம்டோலிட்டர், ஒரு பாக்டீரியாவின் பருமன். அதற்குள் நம் சாயமூலக்கூறு ஒன்று. கூடவே சுமார் 3,300 கோடி நீர் மூலக்கூறுகள். நீர் ஒளிர்வதில்லை, ஆனால் ஒளியைச் சிதறடிக்கும். சி.வி. ராமன் 1928இல் கண்ட சிதறல் நீரிலும் நடக்கிறது: 532 நானோமீட்டர் பச்சை லேசரை அடித்தால் நீரிலிருந்து 650 நானோமீட்டர் அருகே சிவப்பு ஒளி வரும். சை5 தரும் சிவப்புக்கு அது பக்கத்து வீடு. ஒரு நீர் மூலக்கூறு தருவது ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். 3,300 கோடி சேர்ந்தால் நம் ஒற்றை விளக்கு அதில் முங்கிவிடும்.

எல்லோரும் ‘இன்னும் பிரகாசமான சாயம், இன்னும் பெரிய லேசர்’ என்று ஓடுகிறார்கள். லேசரைக் கூட்டினால் நீரின் சிதறலும் கூடுகிறது, சாயமும் சீக்கிரம் அணைகிறது. மூலக்கூறைப் பிரகாசமாக்குவதில் ஓரளவுக்கு மேல் பலன் கிடையாது. அதைச் சுற்றியிருப்பதை இருட்டாக்குவதில்தான் பலன் இருக்கிறது. இந்தத் துறையின் வரலாற்றையே அப்படி வாசிக்கலாம். 1976இல் தாமஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ஒற்றை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மூலக்கூறைக் கண்டபோது, அதில் எண்பதுக்கு மேல் சாயங்களை ஏற்றவேண்டியிருந்தது. அன்றைக்குப் பிரகாசம்தான் வழி. 1989இல் மோர்னரும் காடோரும் திரவ ஹீலியம் குளிரில், படிகத்துக்குள் பதிந்த ஒற்றைப் பென்டசீன் மூலக்கூறின் ஒளி உறிஞ்சலைப் பிடித்தார்கள். அடுத்த வருடமே ஓரிட்டும் பெர்னாரும் அதே மாதிரிப் படிகத்தில் உறிஞ்சலை விட்டுவிட்டு ஒளிர்வை அளந்தார்கள். பின்னணி இருட்டாகிவிட்டதால் சமிக்ஞை பளிச்சென்று தனித்துத் தெரிந்தது. அதே 1990இல் லாஸ் அலமோஸில் கெல்லர் குழு, மெல்லிய ஓடையாகப் பாயும் நீரில் ரோடமைன் சாய மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணியது. பாய்வும் ஒற்றை மூலக்கூறும் ஆரம்பத்திலேயே கைகோத்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். 2014 வேதியியல் நோபல் பெற்ற மூவரில் மோர்னரும் ஒருவர்.

இன்று ஆய்வகங்களில் இருட்டாக்க இரண்டு வழி பரவலாக இருக்கிறது. ஒன்று, லேசரை ஒரே புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியிலிருந்து வருவதை மட்டும் ஒரு ஊசித்துளை வழியே விடுவது. பார்க்கும் இடம் சுமார் ஒரு ஃபெம்டோலிட்டராகச் சுருங்கிவிடும். 1 நானோமோலார் கரைசலில் அந்த இடத்துக்குள் சராசரியாக 0.6 மூலக்கூறு இருக்கும். அதனால் இன்னும் பத்து மடங்கு நீர்த்துக்கொண்டால் ஒவ்வொன்றாக வந்து மினுக்கிவிட்டுப் போகும். இன்னொன்று முழு அகப் பிரதிபலிப்பு. கண்ணாடிக்குள்ளிருந்து லேசரை 61 பாகைக்கு மேல் சாய்த்து நீர்ப்பக்கம் அனுப்பினால் ஒளி நீருக்குள் போகாமல் திரும்பிவிடும். எல்லையில் மட்டும் 100, 200 நானோமீட்டர் ஆழத்துக்கு அதன் சாயல் கசியும். அந்த மெல்லிய ஏட்டில் இருப்பது மட்டும் ஒளிரும், மேலே இருக்கும் தண்ணீர் முழுக்க இருட்டு. ஒசாகாவில் யானகிடா குழு 1995இல் தசையிலுள்ள மயோசின் புரதம் தன் எரிபொருளான ஏ.டி.பி.யை (ATP) ஒவ்வொன்றாக உடைப்பதை இப்படித்தான் பார்த்தது. என்னைக் கேட்டால், தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் ஏற்றது. ஒரே படத்தில் சில நூறு மூலக்கூறுகள் கிடைக்கும், தவறு செய்தால் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

சாயம் ஏற்றுவதைப் பற்றி எங்கள் ஊர்க்காரனாக ஒரு வார்த்தை. திருப்பூரில் ரியாக்டிவ் டை போடும்போது உப்பு போட்டு, சோடா போட்டு, சாயத்தைப் பஞ்சின் இழையோடு வேதிப்பிணைப்பாகவே பூட்டிவிடுவார்கள். புரதத்தில் சாயம் ஏற்றுவதும் அதே காரியம்: சாயத்தின் ஒரு முனையில் மாலிமைடு என்ற கொக்கியை வைத்துப் புரதச் சங்கிலியின் சிஸ்டீன் கண்ணியில் பூட்டுகிறோம், அல்லது என்.எச்.எஸ். எஸ்டர் என்ற கொக்கியை வைத்து லைசின் கண்ணியில். பட்டறையில் அதற்குப் பிறகு சோப்பிங் என்று ஒரு வேலை உண்டு. பிணையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தைச் சுடுதண்ணீரில் சோப்பு போட்டு விரட்டுவார்கள். அதில் மிச்சம் பிடித்தால் பனியன் முதல் துவைப்பிலேயே கலர் விடும். எங்கள் வேலையிலும் சாயம் ஏற்றிய புரதத்தைச் சல்லடைப் பத்தியில், அதாவது மூலக்கூறுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் குழாயில், இரண்டு தடவையாவது ஓட்டி, உதிரிச் சாயத்தைப் பிரித்தே ஆகவேண்டும். உதிரிச் சாயம் மிஞ்சினால் அதுவும் ஒற்றை ஒற்றையாக அழகாக மினுக்கும், நீங்கள் அதைப் புரதம் என்று நினைத்துக் கட்டுரையே எழுதிவிடுவீர்கள். மாணவர்கள் அவசரப்பட்டுத் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு சாயம் இருந்தால் ‘இங்கே இருக்கிறது’ என்று தெரியும். இரண்டு சாயம் இருந்தால் தூரம் தெரியும். தியோடர் ஃபோர்ஸ்டர் 1940களில் வகுத்த கணக்கு இது: ஒரு சாயம் வாங்கிய ஆற்றலை, ஒளியாக வெளியே விடாமலேயே பக்கத்திலிருக்கும் இன்னொரு சாயத்துக்குக் கைமாற்ற முடியும். கைமாறும் அளவு தூரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. சை3, சை5 ஜோடிக்கு 5 முதல் 6 நானோமீட்டர் தூரத்தில் பாதி ஆற்றல் கைமாறும். தூரம் அதில் பாதியானால் 98 சதவீதம். இரண்டு மடங்கானால் ஒன்றரை சதவீதம்தான். புரதங்களும் டி.என்.ஏ.வும் மடங்குவதும் விரிவதும் இந்த அளவில்தான் நடக்கிறது. 1967இல் ஸ்ட்ரையரும் ஹாக்லண்டும் இதைக் கொண்டு தூரம் அளக்கலாம் என்று காட்டினார்கள். 1996இல் டேக்ஜிப் ஹா, ஷிமோன் வைஸ் குழுவினர் ஒரே ஒரு ஜோடியில் அதைப் பார்த்தார்கள்.

ஹாலிடே சந்திப்பு என்று படித்திருப்பீர்கள், நான்கு டி.என்.ஏ. கிளைகள் கூடும் இடம். நான்கும் இரண்டிரண்டாக அடுக்கிக்கொள்ளும். யார் யாரோடு அடுக்குவது என்பதில் இரண்டு வழி. குடுவையில் அளந்தால் இரண்டுக்கும் இடையில் ஒரு மதிப்பு வரும், ‘ஓகோ, இதுதான் அதன் வடிவம்’ என்று எழுதத் தோன்றும். 2003இல் ஹாவும் லில்லியும் தங்கள் குழுக்களோடு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, இந்த வடிவத்துக்கும் அந்த வடிவத்துக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. சை3 தரும் பச்சைக் கோடு மேலே போனால் சை5 தரும் சிவப்பு கீழே, சிவப்பு மேலே போனால் பச்சை கீழே. மெக்னீசியத்தைக் கூட்டினால் தாவல் மெதுவாகிறது. நடுவில் இருப்பதாகத் தோன்றிய அந்த வடிவத்தில் எதுவும் தங்கவே இல்லை.

இங்கேதான் சில்லு வருகிறது. மெக்னீசியத்தைக் கூட்ட வேண்டுமானால், பார்த்துக்கொண்டிருக்கும் அதே மூலக்கூறு இடம் நகராமல், அதைச் சுற்றிய கரைசல் மட்டும் மாறவேண்டும். மூலக்கூறைக் கண்ணாடியில் கட்டிப்போட பயோட்டினும் ஸ்ட்ரெப்டவிடினும் உண்டு, உயிரியலில் தெரிந்த பிடிகளில் மிக இறுக்கமானவற்றில் ஒன்று. கரைசலை மாற்றத்தான் கால்வாய்.

நுண்கால்வாயில் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் நமக்குப் பழக்கமில்லாதது. பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; சுழலும் குமிழும் நுரையுமாகப் புரண்டு கொஞ்ச தூரத்தில் ஒரே தண்ணீராகிவிடும். 100 மைக்ரான் அகலக் கால்வாயில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இரண்டு ஓடையைச் சேர்த்துவிட்டால் சுழல் என்பதே கிடையாது. பாய்வு கொந்தளிக்குமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் 0.1தான் வரும், குழாயில் கொந்தளிப்பு தொடங்க அது ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டும். இரண்டு ஓடையும் வரப்பு போட்டது போல் பக்கம் பக்கமாகப் போகும். நடுவில் கலப்பது பரவலால் மட்டும்தான். (தென்னந்தோப்பில் சொட்டுநீர் போட்டவர்கள் டிரிப்பரை உடைத்துப் பார்த்திருப்பீர்கள், உள்ளே வளைந்து வளைந்து ஒரு பாதை இருக்கும். அது தண்ணீரை வேண்டுமென்றே கொந்தளிக்கவைத்து அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு. இரண்டும் சிறு கால்வாய்தான், ஆனால் இன்னும் பத்து மடங்கு சிறுத்து, மெதுவாகவும் ஓடினால் தண்ணீரின் சுபாவமே மாறிவிடுகிறது.)

பரவல் என்பது தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு சிறு சாயமூலக்கூறு 100 மைக்ரான் பரவ 12 நொடிக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் பரவ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும். ஆகவே நடுவில் வரும் ஓடையை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கி ஒரு மைக்ரானுக்கும் கீழே இளைக்க வைத்தால் கலப்பு கண்ணிமைப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு கால்வாயின் நீளமே கடிகாரம்: கலந்த இடத்திலிருந்து இத்தனை மைக்ரான் தள்ளி லேசரை வைத்தால், கலந்து இத்தனை மில்லிநொடி ஆன மூலக்கூறைப் பார்க்கிறோம். 2003இல் லிப்மன், ஷூலர், பகாஜின், ஈட்டன் நால்வரும் இப்படித்தான் ஒரு சிறு புரதம் மடங்குவதை நடுவழியில் பிடித்தார்கள். விரிந்த புரதத்தை வைத்திருந்த ரசாயனத்தைச் சில்லுக்குள்ளேயே நீர்த்துவிட்டு, மடங்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அளந்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை அதுதான். காலத்தைத் தூரமாக மாற்றிவிட்டார்கள்.

சில்லின் இரண்டாவது வேலை அடைப்பது. 1961இலேயே போரிஸ் ராட்மன், பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியை எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் அடைத்து, ஒற்றை நொதியின் வேலையை அளந்தார். லேசரும் இல்லை, ஃபோட்டான் எண்ணும் கேமராவும் இல்லை. சூட்சுமம் துளியின் அளவில் இருந்தது. கணக்குப் போடுவோம்: நொடிக்கு 100 ஒளிரும் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி ஒரு மணி நேரத்தில் 3,60,000 தயாரிக்கும். 50 மைக்ரான் துளியில், அதாவது 65 பிகோலிட்டரில், அது 9 நானோமோலார். அதே நொதியை 50 ஃபெம்டோலிட்டர் குழிக்குள் அடைத்தால் 12 மைக்ரோமோலார், ஆயிரம் மடங்குக்கு மேல் கெட்டி; சாதாரணக் கேமராவுக்கே தெரியும். இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் புரதங்களை எண்ணும் டிஜிட்டல் எலைசா, 2010இல் டேவிட் வால்ட் குழுவினர் காட்டியது, இந்த அடைப்பின்மேல்தான் நிற்கிறது. அடைக்கும்போது ஒரு கண்டிப்பு வேண்டும்: துளிக்குச் சராசரி 0.1 மூலக்கூறு என்று நீர்த்தால் 90 சதவீதத் துளி காலி, 9 சதவீதத்தில் ஒன்று, அரை சதவீதத்தில் இரண்டு அல்லது மேலே. இத்தனை துளி வீணாகிறதே என்று கெட்டியாக்கினால் இரட்டைகள் பெருகி ‘ஒற்றை’ என்ற சொல்லே பொய்யாகும். காலித் துளிகள்தான் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் விலை.

இன்னும் சிறிதாகவும் போகலாம். அலுமினியப் படலத்தில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளை போட்டால் ஒளி அதன் அடியில் சில பத்து நானோமீட்டர் மட்டும் எட்டிப்பார்க்கும். பார்க்கும் இடம் ஃபெம்டோலிட்டரின் லட்சத்தில் சில பங்காகிவிடும். மைக்ரோமோலார் அளவில் சாயம் மிதந்தாலும் அங்கே இருட்டுதான். 2003இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த இந்த வேலையிலிருந்துதான் பாக்பயோ கருவி வந்தது, பாலிமரேஸ் ஒவ்வோர் எழுத்தாக டி.என்.ஏ.வை எழுதுவதை நேரலையாகப் பார்க்கும் கருவி. டி.என்.ஏ. படிக்கும் இன்னொரு முறையான இலுமினாவின் வேரும் ஒற்றை மூலக்கூறு ஒளிர்வில்தான். சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் கேம்பிரிட்ஜில் ஒற்றைப் பாலிமரேஸை ஒளிர்வில் பார்க்க முயன்றதிலிருந்து அது முளைத்தது. பிறகு சமிக்ஞை போதாமல், ஒன்றை ஆயிரமாகப் பெருக்கிக் கொத்தாகப் படிக்கும் வழிக்கு மாறினார்கள். எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் மலிவாக ஜீனோம் படிக்க முடிந்தது அந்த மாற்றத்தால்தான்.

சில்லு செய்வது பெரும்பாலும் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரில். பத்துப் பங்கு பிசினுக்கு ஒரு பங்கு கெட்டியாக்கி, காற்றுக்குமிழ் போக வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றி, 70 பாகைச் சூட்டில் சில மணி நேரம். உரித்து, துளை குத்தி, பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் முடிந்தது. செய்முறை எளிது, அதனால் இதைப் பற்றி நீட்டவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த ரப்பர் ஆக்சிஜனை உள்ளே விடும். நீங்கள் சாயம் சீக்கிரம் அணையாமலிருக்க குளுக்கோஸ் ஆக்சிடேஸும் கேட்டலேஸும் போட்டு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருப்பீர்கள், சுவர் வழியாக அது வந்துகொண்டே இருக்கும். தவிர அந்த நொதிகள் குளுக்கோஸை அமிலமாக்குவதால் பி.எச். மெல்ல இறங்கும். நீண்ட சோதனைக்கு முன் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வகத்தில் 405 நானோமீட்டர் ஊதா லேசரில், நீலமாக ஒளிரும் சாயத்தோடு வேலை. படத்தில் பெரிய பெரிய நீலப் புள்ளிகள், சில இடத்தில் சுருண்ட இழை மாதிரியும். எத்தனை நேரம் லேசர் அடித்தாலும் ஒற்றைப்படியாக அணையவில்லை, மெல்ல மெல்ல மங்கியது. தண்ணீரை மாற்றினேன், பஃபரை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலை) வடிகட்டினேன், கண்ணாடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மறுபடி மறுபடி கழுவினேன். இரண்டு வாரம் போயிற்று. ஒரு ராத்திரி மேசைமேல் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன பனியன் வேஸ்ட். மெத்தென்று இருக்கும், எண்ணெயை நன்றாக இழுக்கும் என்று கண்ணாடித் தகடுகளின் முதுகைத் துடைக்க வைத்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தேன். துணி முழுக்க நீலமாக எரிந்தது.

பட்டறையில் வெள்ளைத்துணிக்கு ஒயிட்னர் போடுவார்கள். அதுவும் ஒளிரும் சாயமே. கண்ணுக்குத் தெரியாத ஊதாவை வாங்கி நீலமாகத் தருவதால்தான் துணி பளீரென்று தெரிகிறது. அப்பா ஊதாவிளக்குப் பெட்டிக்குள் துணியை நீட்டி ஒயிட்னர் சமமாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி அந்தப் பெட்டிதான் கண்முன் வந்தது. அந்தத் துணியிலிருந்து உதிர்ந்த இழைத்தூசிதான் என் ‘மூலக்கூறுகள்’. அதற்குப் பிறகு ஆய்வகத்துக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும், துடைக்கும் தாள், கையுறை, மேலங்கி, ஒட்டும் டேப், எல்லாவற்றையும் ஊதா டார்ச்சுக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்த முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. சாயம் ஏற்றிய புரதம் ஏற்றாத புரதம் போலவே நடக்கிறதா என்பதைக் குடுவையில் தனியே சோதிக்கவேண்டும். கண்ணாடி புரதத்தைப் பிடித்திழுக்கும். அதனால் பெக் என்ற பாலிமரை முதல் நாளே மேற்பரப்பில் பூசி ராத்திரி முழுக்க விடவேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது நம் கண். நூறு கோடுகளில் அழகாகத் தாவும் இருபதை மட்டும் எடுத்துவிட்டு மீதி எண்பதை ‘சரியில்லை’ என்று தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். எதைத் தள்ளுவது என்ற விதியைப் படம் எடுப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கோவையில் இருந்துகொண்டே தொடங்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். முதல் கால்வாய்க்குப் பி.டி.எம்.எஸ்.கூட வேண்டாம். கண்ணாடி ஸ்லைடில் டைமண்ட் பிட்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இரண்டு துளை போடுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைச் செய்துதரும் கை உண்டு. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை இரண்டு கீற்றாக 4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி, மேலே கவர்ஸ்லிப் வைத்து, ஓரத்தை எபாக்சியால் அடைத்தால் சுமார் 9 மைக்ரோலிட்டர் கொள்ளும் கால்வாய் ரெடி. பல பெரிய ஆய்வகங்களில் இன்றும் இதுதான் ஓடுகிறது. லென்ஸ் தாங்கி, லேசர் தாங்கி, அலுமினியத் தட்டு எல்லாம் பீளமேடு, கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் வரைபடம் கொடுத்தால் செய்துவிடலாம். நல்ல கேமரா பல லட்சம் ஆகும் என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலைகளில் பயன்படும் சாதாரண சிமாஸ் கேமராவிலும் ஒற்றைச் சாயம் தெரியும் என்று காட்டியிருக்கிறார்கள். விலை அதிகமான லென்ஸின் செலவை மட்டும் குறைக்காதீர்கள், அதில் மிச்சம் பிடிக்க வழியில்லை. தறி ஓடும் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிர்வில் படம் நகரும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அறைக்குள் போகவே போகாதீர்கள். உண்மையான நுண்கால்வாய் அச்சு வேண்டும் என்ற நிலை வரும்போது, பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யின் நானோ மையம் வெளியாட்களுக்கும் வசதி தருகிறது. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் அங்கே இருக்கலாம்.

நிஜமாகவே ஒன்றுதானா என்ற முதல் கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதற்குப் பதிலை நீங்களே பார்க்கலாம். சை3யும், கண்ணாடியில் கட்டிப்போட முன்பு சொன்ன பயோட்டினும் ஒட்டிய ஒரு சிறு டி.என்.ஏ.வை 50 பிகோமோலாருக்கு நீர்த்துக் கால்வாயில் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பஃபரால் கழுவிவிட்டு, பச்சை லேசரைப் போட்டுப் படம் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபிஜி மென்பொருளில் ஒரு புள்ளியைத் தேர்ந்து நேரத்துக்கு எதிராக அதன் ஒளியை வரையுங்கள். பத்துச் சாயம் ஒன்றாகக் கிடந்தால் கோடு சரிவாக இறங்கும். ஒன்றே ஒன்று என்றால் சமமாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு ஒரே படியில் தரைக்கு விழுந்து, பிறகு எழவே எழாது. பாதிச் சாயம் என்று ஒன்று கிடையாது. ஐம்பது புள்ளிகளுக்காவது படிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரண்டு படி, மூன்று படி என்று நிறைய வந்தால் கரைசலை இன்னும் பத்து மடங்கு நீர்த்து, புதிய கால்வாயில் மறுபடி பாருங்கள்.